திறந்த தட்டின் மேல் பேசக் கூடாது

ஸ்கிராண்டன், பென்சில்வேனியா
1894 மே 6, ஞாயிறு

ஹனோரா அக்காவுக்கு,

உயிரோடுதான் இருக்கிறேன். சித்தி மகள் பெக் தன் வீட்டில் அடுப்புக்குப் பின்னால் ஒரு படுக்கை கொடுத்திருக்கிறாள். அவள் புருஷன் சுரங்கத்திலிருந்து வந்து குளிக்கிற தொட்டிக்கும் என் தலையணைக்கும் நடுவில் ஒரு திரை தொங்குகிறது. பட்டு நூல் ஆலையில் சேர்ந்துவிட்டேன். இங்கே நடத்தைச் சான்று யாரும் கேட்பதில்லை. பத்து விரலும் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள், அவ்வளவுதான்.

ஒரு மாதம் ஆகிறது. உன்னிடமிருந்து ஒரு வரி வரவில்லை.

நியூயார்க்கில் வீட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் அலுவலகத்துக்கு எழுதிப் போட்டிருந்தேன். ஒரு வீட்டில் எடுத்துக்கொள்வதாகச் சொல்லி, பிறகு மறுத்துவிட்டார்கள். அவர்கள் நம் முதலாளி வீட்டு ரோட்மன் அம்மாவிடம் விசாரித்தார்களாம். அந்த அம்மா ஒரே வரியில் பதில் எழுதியிருக்கிறார்: ‘விலையுயர்ந்த பொருட்களை இவளை நம்பி விட முடியாது.’ நாலு வருடம் அந்த வீட்டின் வெள்ளிக் கரண்டிகளையெல்லாம் நான் எண்ணி வைத்தேன். ஒன்று குறைந்ததா?

நடந்தது எனக்குத் தெரிந்த அளவில் இவ்வளவுதான். ஏப்ரல் மூன்றாம் தேதி, மாதத்தின் முதல் செவ்வாய். வழக்கம் போல நாணயம் சேகரிக்கிற முதலாளியின் நண்பர்கள் ஐந்து பேர் வந்தார்கள். 1865ஆம் வருடத்துப் பத்து டாலர் தங்கக் காசை அவர்களில் டாக்டர் எடுத்து விளக்கடியில் சாய்த்துப் பார்த்தார். யாரோ துடைத்திருக்கிறார்கள் என்றார். மறுநாள் காலை என் பெட்டி வாசலில் இருந்தது. நாம் இரண்டு பேரும் படுத்த அறையிலிருந்து அதைக் கீழே தூக்கி வந்தது நீ.

நான் அதைத் துடைக்கவில்லை. எனக்குத் தெரியாதா அக்கா? வேலைக்குச் சேர்ந்த அன்றே முதலாளி அந்த நாணய அலமாரி முன்னால் என்னை நிறுத்திச் சொன்னார்: “மரத்தை மட்டும் துடை. உள்ளே இருக்கிறதைத் தொடாதே. காசுத் தட்டு திறந்திருந்தா வாயையும் திறக்காதே, எச்சில் தெறிச்சா கறை விழும். புரிஞ்சுதா?” வங்கியில் கிடைக்கிற காசா அது? அச்சைக் கண்ணாடி மாதிரி மெருகேற்றி, சேகரிக்கிற கனவான்களுக்காக மட்டும் நாணயச் சாலையில் அடித்துக் கொடுக்கிற ப்ரூஃப் காசு. அந்த வருடம் இருபத்தைந்து அடித்தார்களாம். விற்காததை அவர்களே உருக்கிவிட்டார்களாம். மிச்சம் ஆறு இருந்தால் அதிகமாம். எனக்கு இதெல்லாம் மனப்பாடம். ஒரு ரொட்டி கூட வாங்கியிராத பத்து டாலர். பஞ்சு பட்டாலும் அதன் முகத்தில் கோடு விழும் என்று தெரிந்த நானா துணியைக் கொண்டு போய் வைப்பேன்?

அந்த நாணய அறைக்குள் சாவியோடு போகிறவர்கள் மூன்று பேர். முதலாளி, தூசி தட்ட நான், விருந்தினருக்கு மது கொண்டு போக நீ. நான் துடைக்கவில்லை.

நீ என்ன பார்த்தாய்?

டீலியா


ஃபிலடெல்ஃபியா
மே 20

அன்புள்ள டீலியா,

கம்பளங்களை எல்லாம் எடுத்துக் கொல்லையில் அடித்துக் கோடைக்குச் சுருட்டி வைத்தோம். உன் வேலைக்கு ஸ்வீடன் நாட்டுப் பெண் ஒருத்தியை வைத்திருக்கிறார்கள். பேச்சு புரியவில்லை. ஜன்னல் நன்றாகத் துடைக்கிறாள். ஸ்ட்ராபெரி வந்துவிட்டது. அயர்லாந்தில் பாலினாவிலிருந்து அம்மா எழுதியிருந்தாள். கூரை ஒழுகுகிறதாம், நிலக்காரர் மகன் குத்தகை கேட்டு இரண்டு தடவை வந்து போனானாம். நீ வேலை மாறியதாக மட்டும் எழுதியிருக்கிறேன்.

நீ கேட்டதற்கு.

பார்த்தேன்.

மார்ச் மாதச் செவ்வாய்க்கிழமை அது நடந்தது, ஏப்ரலில் இல்லை. நான் மதுத் தட்டோடு கதவருகே நின்றிருந்தேன். அவர்கள் வழக்கம் உனக்குத் தெரியும். தட்டு திறந்திருக்கும்போது யாராவது பேச வேண்டுமானால் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு பேசுவார்கள். ஐந்து பெரிய மனிதர்கள் ஆளுக்கொரு சுவரோடு பேசுவதைப் பார்த்து நீ ஒரு தடவை சமையலறையில் வந்து சிரித்தாய். அன்றைக்கு அவர்களில் வக்கீல் சுவரைப் பார்த்து, முதலாளியின் கம்பள ஆலையில் தறிக்காரர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டார். முதலாளி அந்தப் பத்து டாலரை விளிம்பில் பிடித்திருந்தார். திரும்ப மறந்து போய், காசின் மேலேயே சொன்னார்: “கூலியைக் குறைச்சதுல இப்போ அவங்களுக்கும் நூலுக்கும் வித்தியாசமே தெரியலைப்பா. போன வாரம் ஒருத்தனைக் கம்பளத்தோட சேர்த்து நெய்யப் பார்த்தாங்க.” சொல்லிவிட்டுச் சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். எச்சில் தெறித்தது. விளக்கு வெளிச்சத்தில் நான் பார்த்தேன். அவர் பார்க்கவில்லை. காசைக் குழியில் வைத்துத் தட்டைத் தள்ளிவிட்டார்.

மூன்று வாரம் கழித்து ஒரு காலையில் நான் நாணய அறைக் கணப்பில் சாம்பல் அள்ளப் போனேன். முதலாளி ஜன்னலடியில் நின்றிருந்தார். காசில் பழுப்பாக இரண்டு புள்ளி வந்திருந்தது போல. பட்டுக் கைக்குட்டையை விரலில் சுற்றித் தேய்த்துக்கொண்டிருந்தார். நெற்றியெல்லாம் வேர்வை. என்னைப் பார்த்துவிட்டுக் கையை இறக்கிக்கொண்டார். “சாம்பலை அப்புறம் எடுத்துக்கலாம், ஹனோரா” என்றார். நான் வாளியோடு வெளியே வந்துவிட்டேன்.

டாக்டர் அதைச் சாய்த்துப் பார்த்த அன்று யாராவது என்னைக் கேட்டால் சொல்லிவிடுவது என்றுதான் நின்றேன். யாரும் கேட்கவில்லை.

அம்மாவுக்கு இரண்டு பேர் அனுப்பிய பணத்தை இப்போது ஒருத்தி அனுப்புகிறேன். உன் குளிர்காலக் காலுறைகள் இங்கே இருக்கின்றன. அனுப்பட்டுமா?

ஹனோரா


ஸ்கிராண்டன்
ஜூன் 3

அக்கா,

காலுறையா?

உன் கடிதத்தைப் பெக்கிடம் படித்துக் காட்டினேன். அவள் பாத்திரம் கழுவிக்கொண்டே, “உங்க அக்கா ஒரு அஞ்சல்பெட்டிடி. போட்டது எல்லாம் உள்ளேயே கிடக்குது” என்றாள்.

யாரும் கேட்கவில்லை என்கிறாய். நம்மிடம் அவர்கள் என்ன கேட்டிருக்கிறார்கள் இதுவரை? மணி என்ன, தண்ணீர் சூடா, மாடியில் யார் நடக்கிறார்கள். ஒருநாளாவது ‘நீ என்ன பார்த்தாய்’ என்று கேட்டதுண்டா? அதற்கா நீ காத்திருந்தாய்?

சரி, நான் கேட்கிறேன். எனக்கு எழுதியதையே ஒரு தாளில் எழுதி, கீழே உன் முழுப் பெயரைப் போட்டு, நியூயார்க் அலுவலகத்துக்கு அனுப்பு. முகவரி பின்பக்கம் இருக்கிறது. எனக்குச் சம்பள பாக்கி வேண்டாம், மன்னிப்பு வேண்டாம். என் பெயரில் அவர்கள் பூசியது போக வேண்டும். போனால் ஒரு வீட்டில் கதவுள்ள அறையில் படுப்பேன். போகாவிட்டால் திரைக்குப் பின்னால்தான். வேறு எதுவும் உன்னிடம் கேட்கவில்லை.

டீலியா


ஃபிலடெல்ஃபியா
செப்டம்பர் 9

அன்புள்ள டீலியா,

உன் ஜூன் கடிதமும் ஜூலையில் நீ எழுதிய இரண்டும் வந்து சேர்ந்தன. தாளை எழுதினேன். மூன்று தடவை எழுதினேன். மூன்றும் அடுப்பில் போயின. கடைசித் தாளில் என் பெயர் வரைக்கும் எழுதியிருந்தேன்.

ஆலை மூடிவிட்டது. வண்டிக் குதிரைகள் இரண்டையும் விற்றுவிட்டார்கள். ஸ்வீடன் பெண்ணை அனுப்பிவிட்டார்கள், இப்போது தூசி தட்டுவதும் நானே. நாணயங்கள் எல்லாம் அக்டோபர் பத்தாம் தேதி ஏலத்துக்குப் போகின்றன. க்விம்பி என்று ஒரு ஏலக்காரர் ஒன்பது நாள் வந்து உட்கார்ந்து பட்டியல் எழுதினார். குள்ளமான மனிதர், கைக்கு வெள்ளைத் துணி உறை. என்னை ‘ஏம்மா’ என்று கூப்பிடுகிறார்.

ஒருநாள் நான் காப்பி கொண்டு போனபோது உன் விஷயம் ஓடிக்கொண்டிருந்தது. க்விம்பி சுவரைப் பார்த்தபடி, “மெல்லிய கீறல்னு மட்டும் போட்டுடறேன் சார், அது போதும்” என்றார். முதலாளி கேட்கவில்லை. “அப்படிப் போட்டா நான் துடைச்சேன்னு நினைப்பாங்க. முப்பது வருஷம் சேர்த்தவன் நான். காசைத் துடைக்கிற முட்டாள்னு அந்த அஞ்சு பேரும் என்னைப் பேசக் கூடாது. யார் பண்ணினதுன்னு போடுங்க.” க்விம்பி தோளைக் குலுக்கிவிட்டு எழுதினார். நான் காப்பியை வைத்துவிட்டு வந்தேன்.

அச்சான பட்டியல் ஒரு கட்டாக வீட்டுக்கு வந்திருக்கிறது. உனக்குக் காட்டாமல் இருப்பதா என்று நாலு நாள் யோசித்தேன். அந்தப் பக்கத்தைக் கிழித்து இதோடு வைத்திருக்கிறேன். வெளிச்சத்தில் படி, எழுத்து பொடி.

‘எண் 212. பத்து டாலர், 1865. ப்ரூஃப். அடிக்கப்பட்டவை இருபத்தைந்து, இன்று எஞ்சியிருப்பவை ஆறுக்கு மேல் இரா. பரப்பில் மயிரிழைக் கீறல்கள், அறிவற்ற வேலைக்காரி ஒருத்தியின் துணியால் ஏற்பட்டவை. மற்றபடி குறையற்ற அழகு.’

அம்மாவுக்கு இந்த மாதமும் அனுப்பிவிட்டேன்.

ஹனோரா


ஸ்கிராண்டன்
செப்டம்பர் 16

அக்கா,

பக்கம் வந்தது. பெக் புருஷன் விளக்கடியில் பிடித்து உரக்கப் படித்தான். “ஏ டீலியா, அச்சுல வந்துட்டியே! இனிமே எங்களையெல்லாம் கண்டுக்குவியா?” என்றான். “எங்கே, பேரே இல்லையே” என்றேன். அவன் மறுபடி தேடிப் பார்த்தான். பெக் அவன் கையிலிருந்து தாளைப் பிடுங்கிக்கொண்டாள்.

காசுக்கு எண் இருக்கிறது. பிறந்த வருடம் இருக்கிறது. கூடப் பிறந்தவை எத்தனை, செத்தவை எத்தனை என்று இருக்கிறது. அதன் முகத்தில் நெற்றிப்பட்டம் கட்டிக்கொண்டு ஒரு பெண் இருக்கிறாளே, அவளுக்குச் சுதந்திரம் என்று பெயர் கூட இருக்கிறது. எனக்குத் துணி இருக்கிறது.

கோபம் வரும் என்று காத்துக்கொண்டிருந்தேன். வரவில்லை. மறுநாள் ஆலைக்குப் போனேன், அறுந்த நூல்களை முடிந்தேன், வந்தேன். ஆலையில் இயந்திரச் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவள் பேசுவது காதில் விழாது. உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ளப் பழகிவிட்டேன்.

தாளை எழுத வேண்டாம். ஊரெல்லாம் போகிற பட்டியலுக்கு முன்னால் உன் ஒரு தாள் என்ன செய்யும்? இனி உன்னைக் கேட்க மாட்டேன்.

காலுறைகளை அனுப்பு. இங்கே குளிர ஆரம்பித்துவிட்டது.

டீலியா


ஃபிலடெல்ஃபியா
அக்டோபர் 14

அன்புள்ள டீலியா,

நான் இப்போது நம் மாதா கோயில் தெருவில் ஒரு விதவை வீட்டு மேல்மாடியில் இருக்கிறேன். சனிக்கிழமை வரைக்கும்தான். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். எனக்கு எதுவும் தோன்றவில்லை, ஆகவே எழுதுவது சுலபமாக இருக்கிறது.

ஏலத்துக்கு முந்தின நாள், வாங்க நினைப்பவர்கள் வந்து பார்க்கலாம் என்று வீட்டைத் திறந்து வைத்தார்கள். இருபது பேர் இருக்கும். நியூயார்க், பாஸ்டன், எங்கெங்கிருந்தோ. சாப்பாட்டு மேசையில் பச்சைத் துணி விரித்துத் தங்கத் தட்டுகள் மூன்றையும் திறந்து வைத்திருந்தார்கள். இருபது பேர் இருந்தும் ஒரு சத்தம் இல்லை. பேச நினைத்தவர்கள் திரும்பித் திரும்பிச் சுவரோடு பேசினார்கள். ஒரு இளைஞர் 212ஐ எடுத்துச் சாய்த்துப் பார்த்துவிட்டு, சுவரைப் பார்த்து, “ஐயோ பாவம், அந்தக் கழுதை எதால தேய்ச்சிருப்பா? அடுப்புக் கரித்துணியா?” என்றார். முதலாளி அவர் தோளில் தட்டி, “ஐரிஷ்காரிப்பா. பளபளன்னு இருந்தா அவங்களுக்குத் தேய்க்கத் தோணும்” என்றார்.

நான் மதுத் தட்டைப் பக்கத்து நாற்காலியில் வைத்தேன். மேசைக்குப் போனேன். சுவரைப் பார்க்கவில்லை. தட்டுகளின் மேலே குனிந்து சொன்னேன். நான் சொன்ன வார்த்தைகள் இவைதான்:

“அவ துடைக்கலை. அவ பேரு டீலியா மக்ஹேல். என் தங்கச்சி. காசு மேல எச்சில் துப்பினது இதோ நிக்கிற முதலாளி. தன் பட்டுக் கைக்குட்டையால துடைச்சதும் அவர்தான். நான் ரெண்டையும் பார்த்தேன்.”

இதற்குள் ஏழெட்டுப் பேர் கத்திவிட்டார்கள். என்ன கத்தினார்கள் என்று நினைக்கிறாய்?

“தட்டை மூடு! தட்டை மூடு!”

ஒருத்தர் தன் தொப்பியை 1865இன் மேல் கவிழ்த்தார். வக்கீல் மேசைத் துணியை இழுக்கப் போனார், க்விம்பி அவர் கையைப் பிடித்துத் தடுத்தார். டாக்டர் என் வாயைத் தன் கையால் பொத்தி, கதவு வரைக்கும் தள்ளிக்கொண்டு போனார். அவர் கையில் சோப்பு வாசனை. “பேசறாளே, காசு மேல பேசறாளே” என்று பின்னால் யாரோ சொல்லிக்கொண்டே இருந்தார்கள். நான் என்ன பேசினேன் என்று ஒருவர் கூடக் கேட்கவில்லை. முதலாளி என்னைப் பார்க்கவே இல்லை. பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு காசாகக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார், மூச்சை அடக்கிக்கொண்டு.

சாயங்காலம் நான் பெட்டி கட்டும்போது க்விம்பி சமையலறைக் கதவுக்கு வந்தார். உறையைக் கழற்றியிருந்தார்.

“நீ சொன்னது என் காதுல விழுந்துச்சும்மா” என்றார்.

“அப்போ அந்த வரியை எடுத்துடுங்க சார்” என்றேன்.

“முன்னாடியே எனக்குச் சந்தேகம்தான். வேலைக்காரி துடைச்சா வட்டமா துடைப்பா. அது ஒரே பக்கமா, ஒரு விரல் அகலத்துக்கு இருந்துச்சு.” கழற்றிய உறையைச் சட்டைப் பையில் வைத்தார். “ஆனா பட்டியல் அச்சாகிடுச்சேம்மா. நானூறு பிரதி போயாச்சு.”

மறுநாள் ஏலம். 212 கீறலோடே நல்ல விலைக்குப் போனதாகச் சமையல்காரி வந்து சொன்னாள்.

இன்னொன்று. அதை எழுத வேண்டாம் என்று இருந்தேன். உன்னிடம் மறைத்தது போதும் என்று எழுதுகிறேன். நான் பேசும்போது ஒரு துளி விழுந்தது. 212இன் மேல் இல்லை, பக்கத்துக் குழியில், அதே வருடத்து இருபது டாலரின் மேல். காசிலுள்ள பெண்ணின் கன்னத்துக்கு முன்னால் வெறும் பளபளப்பாக இருக்குமே, அங்கே. சின்னது, ஊசிமுனை போல. முதலாளி கண்ணாடி வைத்துப் பார்த்தபோது காய்ந்திருக்கும். அவருக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. நான் சொல்லவில்லை. அந்த இருபது டாலரை யாரோ நியூயார்க்காரர் பெயர் வெளியிடாமல் ஆள் வைத்து ஏலத்தில் எடுத்துவிட்டாராம்.

எனக்கும் இப்போது நடத்தைச் சான்று கிடையாது. உங்கள் ஆலையில் முப்பத்தாறு வயதுக்காரியை எடுப்பார்களா?

ஹனோரா


ஸ்கிராண்டன்
அக்டோபர் 21

அக்கா,

எடுப்பார்கள். காலை ஆறு மணிக்கு வாசலில் நிற்க வேண்டும், கையை நீட்டிக் காட்ட வேண்டும். பெக் திரையை இன்னும் இரண்டு அடி தள்ளிக் கட்டியிருக்கிறாள். அவள் புருஷன், “அஞ்சல்பெட்டி வாயைத் திறந்துடுச்சாமே” என்றான். பெக் அவனை அதட்டினாள்.

உன் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். நீ என் பெயரை இருபது பேருக்கு நடுவில் சொன்ன இடத்தை மட்டும் இன்னும் இரண்டு தடவை. சந்தோஷமாக இருக்க வேண்டும். இருக்கிறேன் என்றே வைத்துக்கொள்.

ஆனால் படித்து முடித்ததிலிருந்து அந்த இருபது டாலரைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். விழுந்தது ஒன்பதாம் தேதி. கறை தெரிய மூன்று வாரம் என்றால் இம்மாதக் கடைசி. நியூயார்க்கில் ஏதோ ஒரு வீட்டில் ஏதோ ஒரு கனவான் தட்டை இழுத்துப் பார்ப்பார். கன்னத்துக்கு முன்னால் பழுப்பாக ஒரு புள்ளி இருக்கும். அந்த அறையில் தூசி தட்ட ஒருத்தி இருப்பாள். அவள் வேலைக்கு வந்து நாலு மாதம் இருக்கலாம், நாலு வருடம் இருக்கலாம். மரத்தை மட்டும்தான் துடைத்திருப்பாள்.

நீ மறுபடி பார்த்தாய், மறுபடி சும்மா இருந்தாய். உன்னைத் திட்டத்தான் தாளை எடுத்தேன். நானும் அந்த அறையில் நின்றிருந்தால் சொல்லியிருப்பேனா என்று நினைத்துப் பார்த்தேன். அவர்கள் காசு அழியட்டும் என்றுதான் விட்டிருப்பேன். தூசி தட்டுகிற அவளுடைய ஞாபகம் எனக்கு வந்திருக்காது.

வாங்கியவர் பெயர் க்விம்பிக்குத் தெரிந்திருக்கும். நேற்று அவருக்கு எழுதிப் போட்டுவிட்டேன். நான் எழுதியது இவ்வளவுதான்:

‘ஐயா, 1865ஆம் வருடத்து இருபது டாலர் ப்ரூஃபில் பெண் முகத்துக்கு முன்னால் விரைவில் ஒரு கறை வரும். ஏலத்துக்கு முந்தின நாள் பேசிய என் அக்காவின் வாயிலிருந்து விழுந்தது அது. வாங்கியவருக்குத் தெரிவியுங்கள். அவர் வீட்டு வேலைக்காரிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இப்படிக்கு, டீலியா மக்ஹேல், உங்கள் எண் 212இல் வரும் வேலைக்காரி.’

அவர் எழுதுவாரா என்று தெரியாது. பட்டியல் அச்சாகிவிட்டது என்பார்.

வரும்போது உன் போர்வையைக் கொண்டு வா. இங்கே இரண்டு பேருக்கு ஒன்றுதான் இருக்கிறது.

டீலியா